பத்து வீட்டுக் கணக்கு

நைரோபிக்குப் போன முதல் வாரம். பேக்கிங் பிரிவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியை எல்லாரும் "மாமா, மாமா" என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா என்று அப்புறம்தான் தெரிந்தது. தாய்மாமனை மட்டுமே அப்படிக் கூப்பிட்டு வளர்ந்த வாய்க்கு அது பழக ஒரு மாதம் ஆனது. பிறகு எனக்கும் அவர் மாமாதான். பெயரை எழுதப்போவதில்லை; இந்தப் பதிவு முழுக்க மாமா என்றே வருவார். உங்களுக்கும் கொஞ்சம் உறுத்தும், பழகிவிடும்.

2016-லிருந்து 2019 வரை அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். அந்தப் பேட்டையின் பெயரே இண்டஸ்ட்ரியல் ஏரியாதான். முன் கேட்டில் லாரிகள். பின் சுவருக்கு அந்தப் பக்கம் முக்குரு என்ற குடிசைப்பகுதி. ஒரே ஊர் மாதிரிப் பேசினாலும் அது மூன்று துண்டு: முக்குரு குவா ஞ்செங்கா, முக்குரு குவா ரூபென், வீவாண்டானி. வீவாண்டானி என்றால் 'ஆலைகள் இருக்கிற பக்கம்'. எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு நாள்கூலிக்கு வருகிறவர்கள், நடந்து வரும் தூரத்தில் வீடு வேண்டுமென்று வந்து நிறைந்த இடங்கள். ஓரமாக ங்கோங் ஆறு ஓடுகிறது. ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கறுப்பாக, எண்ணெய் மினுங்க, மெதுவாகப் போகும். மாசாய் மொழியில் நைரோபி என்ற பெயருக்கே குளிர்ந்த நீர் என்று பொருளாம்.

போன மாதம் ஆப்பிரிக்க நகரத்து ஏழைகளும் பருவநிலை மாற்றமும் என்று ஒரு இணையவழிக் கூட்டம் கேட்டேன். அங்கே இருந்தவன் என்பதால் ஒரு ஆசை. ரெசிலியன்ஸ் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று தாளில் கோடு போட்டு எண்ணினேன். கணக்குக்காரன் புத்தி. 41 தடவை. கழிப்பறை என்பது 2 தடவை. வாடகை ஒரு தடவைகூட வரவில்லை.

இந்த ரெசிலியன்ஸுக்குத் தமிழில் தாங்குதிறன் என்கிறார்கள், மீள்திறன் என்கிறார்கள். மீள்திறனாவது பரவாயில்லை. தாங்குதிறன் என்றதும் எனக்கு, புகுந்த வீட்டில் கஷ்டம் என்று அழுதுகொண்டு வந்த பெண்ணிடம் "கொஞ்சம் தாங்கிக்கோம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற பெரியவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். சுவாஹிலியிலும் இதே கதை. பொறுமைசாலிக்குப் பழுத்த பழம் கிடைக்கும் என்று ஒரு பழமொழி அங்கே உண்டு. நம்ம 'பொறுத்தார் பூமி ஆள்வார்' மாதிரி. தேர்தல் மேடையில் அதை யாரோ சொன்னபோது மாமா சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பழம் பழுக்குது பாஸ். ஆனா மரம் அவங்க காம்பவுண்டுக்குள்ள இருக்கு."

இனி காம்பவுண்டுக் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழைக் காலம். 2018-இன் பெருமழை பேய்மழை. ஏப்ரலில் ஒரு ராத்திரி எங்கள் குடோனுக்குள் பின்பக்கமாகத் தண்ணீர் புகுந்து, அட்டைப்பெட்டிக் கட்டுகள் கீழ் இரண்டு வரிசை ஊறிப்போயின. நஷ்டத்தைக் கணக்கெடுத்ததும் நான்தான். மேனேஜ்மெண்ட் உடனே முடிவெடுத்தது: பின் சுவரை இரண்டு அடி உயர்த்துவது, சுவரின் அடியில் இருந்த தண்ணீர்ப் போக்கு ஓட்டைகளை அடைப்பது, யார்டில் மண் கொட்டி மேடாக்குவது. மூன்று கொட்டேஷன் வாங்கினோம். சிமெண்ட் மூட்டைகளை நானே போய் எண்ணிப் பார்த்து பில்லை பாஸ் பண்ணினேன். மே மாதத்தில் அடுத்த பெரிய மழை. எங்கள் யார்ட் காய்ந்து கிடந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மாமா மூன்று நாள் வரவில்லை.

நான்காம் நாள் வந்தார். ஏன் என்று கேட்டேன். "தண்ணி வந்துருச்சு பாஸ். எப்பவும் வாசப்படி வரைக்கும்தான் வரும். இந்த தடவ கட்டில் மேல." அவ்வளவுதான் சொன்னார். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. லீவு கார்டில் மூன்று நாள் லீவைக் கழித்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே எல்லா வீடும் ஒரே அளவு: பத்து அடிக்குப் பத்து அடி. சுவரும் கூரையும் மபாத்தி, அதாவது நெளிதகரம். உள்ளே ஒரு கட்டில், துணியால் மறைத்த ஒரு மூலை, கரி அடுப்பு, ஒரு சோபா. அந்தப் பத்தடிக்குள் சோபா எப்படி நுழைந்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் செங்கல் மூன்று மூன்றாக அடுக்கியிருந்தது. உத்தரக் கம்பில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கியது. அதற்குள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், சாமா நோட்டு. சாமா என்பது நம்ம ஊர் சீட்டு மாதிரி, பெண்கள் சேர்ந்து பிடிக்கிற சேமிப்பு. வீடு போனாலும் பை போகக்கூடாது.

தகரச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. தண்ணீர் நின்ற உயரம். அதற்குக் கீழே ஒன்றரை அடி தள்ளி மங்கலாக இன்னொரு கோடு. "அது போன வருசத்தது" என்றார்.

பின் கதவைத் திறந்தார். பத்து எட்டில் எங்கள் கம்பெனிச் சுவர். புது சிமெண்ட் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. அடைத்த ஓட்டைகள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமா அதைப் பார்க்கவே இல்லை. டீ போட்டுக்கொடுத்தார்.

எங்கள் பக்கத்துத் தாங்குதிறன் அப்படித்தான் நடந்தது. காசு இருந்தது, கட்டினோம். தண்ணீருக்குப் போக ஒரு இடம் வேண்டும். அது காசில்லாதவர் வீட்டுக்குப் போனது. நகரத்தில் வெள்ளத் தடுப்பு என்று நடக்கிற வேலைகளில் பாதி, தண்ணீரை அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுவதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் அன்றிலிருந்து உண்டு.

அந்த வருஷம் பிற்பாதியில் மாமா ஒரு கட்டுத் தாளோடு என் மேஜைக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். "கூட்டல் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா பாஸ்?" என்றார்.

அவர் அவருடைய பத்து வீட்டுக்குப் பிரதிநிதி. முக்குருவில் பத்துப் பத்து வீடாகச் சேர்த்து ஒரு குழு. அப்படிப் பத்துக் குழு சேர்ந்தால் அதற்கு மேல் ஒன்று. இப்படியே மேலே போகும். பத்து வீட்டு ஏற்பாடு அந்தப் பக்கத்தில் புதிதல்ல. தான்சானியாவில் 1960-களில் கட்சி நடத்திய பழைய முறை; கென்ய அரசும் 2013-இல் பாதுகாப்புக்கு என்று சொல்லி அதைக் கொண்டுவந்தது. 'நியும்பா கூமி', பத்து வீடு. போலீசுக்குத் தகவல் சொல்ல என்று வந்த அதே கணக்கு இங்கே ஊரைத் திட்டமிடப் பயன்பட்டது.

பின்னணி இதுதான். 2017 ஆகஸ்டில் நைரோபி கவுண்டி அரசு முக்குருவைச் சிறப்புத் திட்டமிடல் பகுதி என்று அறிவித்தது. இரண்டு வருஷத்துக்குள் ஊருக்கு ஒரு திட்டம் போடவேண்டும். அதுவரை புதிதாக யாரும் எதையும் கட்டக்கூடாது. அந்த அறிவிப்பை வாங்கியது அங்கே இருக்கிற ஜனங்கள்தான். குடிசைவாசிகளின் கூட்டமைப்பு ஒன்று கென்யாவில் இருக்கிறது: மூங்கானோ வா வானவிஜிஜி, கிராமத்தார் ஒன்றியம் என்று பொருள். 1996-இல் வீடுகளை இடிக்க வந்த காலத்தில் பிறந்தது. அவர்கள் வருஷக்கணக்காகக் கணக்கெடுத்து, வழக்குப் போட்டு, ஆய்வு நடத்தி, இது லட்சம் குடும்பம் இருக்கிற ஊர் என்று நிரூபித்த பிறகுதான் அரசு அசைந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட அமைப்புகள், பல்கலைக்கழகங்கள் உட்பட, தண்ணீர், நிலம், சுகாதாரம், நிதி என்று குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தன. அவர்கள் போடும் திட்டத்தை ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சொல்லி, பதிலை மேலே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் மாமா.

(அதே ஆகஸ்டில்தான் கென்யா பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. டப்பாக்களுக்கு இல்லை. எங்கள் கம்பெனியில் அன்றைக்குக் கேக் வெட்டினார்கள். முக்குருவின் சாக்கடையில் அடைத்துக்கொண்டு கிடந்த டப்பாக்களில் சிலதில் எங்கள் அச்சு எண்ணை நானே பார்த்திருக்கிறேன்.)

தாளில் கட்டம் கட்டமாக இருந்தது: வீட்டில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, கழிப்பறைக்கு எவ்வளவு தூரம், ராத்திரி போக முடியுமா, போன மழையில் தண்ணீர் வந்ததா, எத்தனை நாள் நின்றது. தண்ணீர்க் கட்டத்தில் என் கண் நின்றது. 20 லிட்டர் மஞ்சள் கேன் ஐந்து ஷில்லிங். தட்டுப்பாடு வந்தால் பத்து. ஐந்து என்றே வைத்தாலும் ஆயிரம் லிட்டருக்கு 250 ஷில்லிங். அன்று மாலை என் அடுக்குமாடி வீட்டின் தண்ணீர் பில்லைத் தேடி எடுத்தேன். அதில் பாதிகூட இல்லை. எனக்குக் குழாயில் வருகிறது. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அவருக்குத்தான் விலை அதிகம். மின்சாரத்துக்கும் இப்படித்தான் என்றார்கள். ஏழையாக இருப்பதற்குக் கட்டுகிற அபராதம் என்று இதற்கு ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த அபராதத்தை நிறுத்தினாலே செங்கல் வாங்க, கூரையை மாற்ற, மழைக்கு முன்னால் கையில் கொஞ்சம் காசு நிற்கும். பருவநிலை நிதி என்று கோடிக்கணக்கில் பேசுகிறவர்களிடம் இந்த ஐந்து ஷில்லிங் கணக்கைச் சொல்லவேண்டும் என்று தோன்றும்.

வாடகை விஷயமும் இருக்கிறது. முக்குருவில் பெரும்பாலானோர் வாடகைக்கு இருப்பவர்கள். தகரக் கொட்டகையின் சொந்தக்காரர் வேறு எங்கோ இருப்பார். நிலத்தின் பட்டாவோ இன்னும் வேறு ஒருவர் பெயரில். 1970, 80-களில் சிறுதொழில் தொடங்க என்று அரசு தனியாருக்குக் குத்தகை கொடுத்த நிலம், ஒரு தொழிலும் வராமலே கிடந்தது. இப்படி மூன்று அடுக்கு. கூரையை வெயில் தாங்குகிற மாதிரி மாற்று, தரையை உயர்த்து என்று வாடகைக்காரரிடம் சொன்னால் அவர் யாருக்காகச் செய்வார்? உயர்த்தியதும் வாடகை உயரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கூட்டத்துக்குப் போனேன். தகரத்தால் கட்டிய சர்ச். பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "இந்தியாவா? ஜோக்கின் ஊரா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தைப் பார்த்து, ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ஜோக்கின் அற்புதம். 1947-இல் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பதின்ம வயதில் பம்பாய்க்கு ஓடிவந்து, தச்சு வேலை செய்து, அணுசக்தி மையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா காலனி குடிசைப்பகுதியில் குடியிருந்தவர். குப்பை அள்ள நகராட்சி வராதபோது, காலனிப் பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கட்டிக்கொண்டுபோய் நகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டவைத்தவர். எமர்ஜென்சியில், 1976-இல், அந்தக் காலனியைக் காலிசெய்து அத்தனை பேரையும் சீட்டா கேம்புக்குத் தூக்கிப் போட்டார்கள். அதன் பிறகு அவர் கற்ற பாடம், இடிக்க வந்த பிறகு கத்துவதைவிட, வருவதற்கு முன்பே நாம் எத்தனை பேர் என்று நாமே எண்ணி வைத்துக்கொள்வது.

1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகளை அப்படி எண்ணினார்கள். 1991-இல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே குடிசைவாசிகளுக்குக் கூட்டமைப்பு உருவாக அது ஒரு தொடக்கம். 1996-இல் பல நாட்டுக் கூட்டமைப்புகள் சேர்ந்து உலக அளவில் ஒன்றாயின. கென்யா ரயில்வேக்காரர்கள் மும்பைக்கு வந்து, தண்டவாளத்தோரக் குடும்பங்களை அடித்து விரட்டாமல் எண்ணி, பேசி, மாற்றிக் குடியேற்றியதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நைரோபியின் இன்னொரு பெரிய குடிசைப்பகுதியான கிபேராவிலும் முக்குருவிலும் தண்டவாளத்தோரம் வீடு வீடாகக் கணக்கெடுத்தது அதைப் பார்த்துத்தான். மாமாவின் கையில் இருந்த தாள், சுற்றி வளைத்துப் பார்த்தால், கோலார் தங்கவயல்காரர் ஒருவர் தொடங்கிவைத்த தாள். மகசேசே விருது வாங்கியவர், பத்மஸ்ரீ வாங்கியவர், அவரைப் பற்றி நான் முதன்முதலில் கேள்விப்பட்டது நைரோபித் தகரச் சர்ச்சில். அந்த அக்டோபரிலேயே, 2018-இல், அவர் மும்பையில் காலமானார். செய்தி வந்த வாரம் அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "போலே சானா" என்று துக்கம் விசாரித்தார். நான் என்னமோ சொந்தக்காரன் மாதிரி.

அந்தக் கூட்டத்தில் சண்டை போட்டது எதைப்பற்றி என்றால், ரோட்டின் அகலம். நகரமைப்பு விதிப்புத்தகம் சொல்கிற அகலத்துக்கு ரோடு போட்டால் ஊரில் பெரும் பகுதி வீட்டை இடிக்கவேண்டும். ரோடு இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வராது, தீயணைப்பு வண்டி வராது, வடிகால் போட இடம் இல்லை. கடைசியில் ரோட்டைக் குறுக்கினார்கள். எந்தத் தெருவை அகலமாக்கலாம், எந்தச் சந்துகளை நடைபாதையாகவே விடலாம் என்று ஜனங்களே தேர்ந்தெடுத்தார்கள். கழிவுநீருக்கும் அப்படித்தான். ஆழத் தோண்டிப் பெரிய குழாய் போடுவதற்குப் பதில், சந்துக்கு அடியிலேயே மேலாக, சின்ன விட்டமுள்ள குழாய். பிரேசிலில் 1980-களிலிருந்து ஏழைக் குடியிருப்புகளில் செய்துவரும் முறை. இதெல்லாம் பருவநிலை வேலையா என்று கேட்கலாம். குழிக் கழிப்பறை இருக்கிற ஊரில் வெள்ளம் வந்தால் அது வெறும் தண்ணீராக வருவதில்லை. மாமா வீட்டுத் தகரத்தில் இருந்த அந்தக் கோட்டின் வாடையை நான் விவரிக்க விரும்பவில்லை.

2019-இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். மீதி எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. 2020-க்குப் பிறகு நகரப் பொறுப்பு சில காலம் மத்திய அரசின் கைக்குப் போனபோது, முக்குருவில் உண்மையாகவே ரோடு போட்டார்கள், சாக்கடை வந்தது, ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். மாமா ரோடு போடும் வீடியோவைத் திரும்பத் திரும்ப அனுப்புவார், ஏதோ பேரன் நடக்கத் தொடங்கிய மாதிரி. பிறகு 2021 கடைசியில், அதே முக்குரு குவா ஞ்செங்காவில், புதிய எக்ஸ்பிரஸ்வேக்கு இணைப்புச் சாலை என்று சொல்லி புல்டோசர் வந்தது. பத்தாயிரக்கணக்கில் ஜனங்கள் தெருவில் நின்றார்கள். ஒரு கை எண்ணிக் கட்டியதை இன்னொரு கை இடித்தது. திட்டமிடல் பகுதி என்ற அறிவிப்பு அதைத் தடுக்கவில்லை.

2024-இல் நடந்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் கடைசியில் நைரோபியின் மதாரே பள்ளத்தாக்கில் ராத்திரியோடு ராத்திரியாக வீடுகள் ஆற்றோடு போயின. முக்குருவிலும் ஆறு ஏறியது. நாடு முழுக்க அந்தப் பருவத்தில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பருவநிலை விஞ்ஞானிகள் குழு ஒன்று அந்த மழையை ஆராய்ந்து, புவி சூடேறியதால் அதன் கடுமை சுமார் 5 சதவீதம் கூடியிருக்கலாம் என்றது. நகரம் வளர்ந்த விதமும் வடிகால் இல்லாததும்தான் சேதத்தைப் பெருக்கின என்று அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு அந்த 5 சதவீதம் முக்கியம். அதற்குக் காரணம் முக்குருக்காரர்கள் இல்லை, பில் மட்டும் அவர்களுக்கு. ஆனால் மீதி எங்கிருந்து வந்தது என்பதை வானத்தைக் காட்டி மறைக்கக்கூடாது.

தண்ணீர் வடிவதற்குள் அரசு உத்தரவு வந்தது: ஆற்றிலிருந்து 30 மீட்டருக்குள் இருப்பவர்கள் காலி செய்யவேண்டும். காரணம் உயிர்ப் பாதுகாப்பு. பின்னாலேயே புல்டோசர். வெள்ளம் விட்டுவைத்த வீட்டை அது எடுத்துக்கொண்டது. ஆற்றோரத்தில் வாழ்வது ஆபத்துதான், மறுக்கவில்லை. 2018 ஆகஸ்டில் இதே நைரோபியில் ஆற்றின் மேல் கட்டிய மால்களையும் இடித்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மால் முதலாளிக்கு வக்கீல் இருந்தார். ஆற்றோரம் இருந்த மாமாவின் தங்கைக்கு ஒரு மெத்தையும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். குடும்பத்துக்குப் பத்தாயிரம் ஷில்லிங் தருவதாக ஜனாதிபதி அறிவித்தார். மூன்று நாலு மாத வாடகை. போகிற இடத்தில் முன்பணம் கேட்பார்கள்.

மாமாவின் சந்தில் புது வடிகால் இருந்தது. "தண்ணி வந்துச்சு பாஸ், ஆனா ஒரு நாள்ல போயிருச்சு" என்று குரல் பதிவு அனுப்பினார். பின்னணியில் வாளிச் சத்தம். தங்கை அவரோடு வந்துவிட்டாள். பத்தடிக்குப் பத்தடியில் இப்போது ஏழு பேர். இதை வெற்றி என்பதா?

இதைவிடப் பெரிய கேலிக்கூத்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்தில். அங்கே எம்சிம்பாசி ஆற்றுப் பள்ளத்தாக்கு. 2011 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, இது வெள்ளப்பகுதி, இருக்கக்கூடாது என்று குடும்பங்களை நகரத்துக்கு வெளியே மாப்வேபாண்டேக்கு அனுப்பினார்கள். வேலை எல்லாம் நகரத்துக்குள். பலர் திரும்பி வந்தார்கள். ஜனங்கள் இருக்கக்கூடாத அதே ஜங்குவானி தாழ்நிலத்தில்தான் பிறகு அரசு அதிவேகப் பேருந்துகளுக்கு டிப்போ கட்டியது. 2016-இல் பேருந்து ஓடத் தொடங்கியது. மழை வரும்போதெல்லாம் டிப்போ முங்கியது. புதுப் பேருந்துகள் தண்ணீரில் நின்றன. அந்த ஊரில் நல்லதும் நடந்தது. 2015-லிருந்து கல்லூரி மாணவர்களும் பேட்டைக்காரர்களும் சேர்ந்து, தெருத்தெருவாகப் போய், எந்தச் சாக்கடை எங்கே போகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று யாரும் பார்க்கலாம் என்கிற வரைபடத்தில் குறித்தார்கள். ரமானி ஹூரியா என்று பெயர், திறந்த வரைபடம். தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக் குறித்தார்கள். முழங்காலா, இடுப்பா என்று. டிப்போ கட்டியவர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம், சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனைப் பற்றியும் கொஞ்சம். நான் போனதில்லை, ஆனால் தொடர்ந்து படிக்கிறேன். 2017 ஆகஸ்ட் 14 விடியற்காலை, மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு ரீஜெண்ட் பகுதியில் மலைச்சரிவு இடிந்து இறங்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,141 பேர். மலைமேல் மரம் வெட்டி வீடு, கீழே கடலோரம் குடிசை. நிலம் போதாமல் கடலோரத்தில் குப்பை, டயர், சேறு கொட்டி அதன்மேல் வீடு கட்டுகிறார்கள். அந்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'பேங்கிங்'. பேங்க் கணக்கே இல்லாதவர்கள் செய்யும் பேங்கிங். 2018-இல் மேயரான இவோன் அக்கி-சாயர் பத்து லட்சம் மரம் நடும் திட்டம் கொண்டுவந்தார். அதில் எனக்குப் பிடித்தது நடுவது அல்ல. நட்ட பிறகு மரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் காசு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண், போனில் படம் எடுத்து உயிரோடு இருக்கிறதென்று காட்டவேண்டும். மரம் நட்டுப் போட்டோ எடுத்துவிட்டுப் போகிற விழாக்களைப் பார்த்துச் சலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தண்ணீர் ஊற்றுகிறவனுக்குச் சம்பளம் என்பது பெரிய விஷயம். 2021-இல் அந்த நகரம் வெயிலுக்கென்றே ஒரு அதிகாரியை, யூஜினியா கார்க்போவை, நியமித்தது, ஆப்பிரிக்காவிலேயே முதல். அவர் முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, சந்தையில் வெயிலில் காய்கிற காய்கறிக்காரப் பெண்களுக்கு மேலே நிழல் கூரை. மேலே துணி மாதிரி ஒரு விரிப்பு, அவ்வளவுதான். வெயிலில் வாடின கீரையை யாரும் வாங்குவதில்லை என்பது தெரிந்த யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, 2019-இல், மாமா என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனார். அவர்கள் போட்ட வரைபடத்தைக் காட்ட. பல தாளை ஒட்டி ஒரு சுவர் முழுக்க விரித்திருந்தார்கள். சாக்கடை நீலம், கழிப்பறை கறுப்புப் புள்ளி, தண்ணீர்க் குழாய் பச்சை. வீட்டுக்கு வீடு எண். மாமா தன் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை இங்கே வந்த பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமா வீட்டுக்குப் பின்னால் சிவப்பில் ஒரு தடித்த கோடு. பக்கத்தில் 'உகூட்டா' என்று எழுதியிருக்கிறது. சுவர். அதன் கீழே பேனாவில் 2018. அங்கிருந்து கிளம்பும் அம்புக்குறிகள் பத்து வீட்டுக்குள்ளும் போகின்றன. எல்லாம் மாமாவின் கையெழுத்து. அந்தத் தாளில் கூட்டல் பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரியும். அந்த ஒரு வருஷத்தில் சுவரைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூட்டல் சரியா என்று மட்டும்தான் கேட்டார். சரியாக இருந்தது.